'போல' என்ற சொல்லைத் தேடிய வகுப்பு: கவிதைக் காட்சியைக் கற்பித்ததைப் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜூலையில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பயிற்சித் தாள் கொடுத்தேன். ஐந்து தொடர்கள் இருந்தன. ஒன்றைக் கொண்டு இன்னொன்றைக் காட்டும் தொடர்கள் எவை என்று அடிக்கோடிட வேண்டும். அவற்றுள் ஒன்று 'மழை வரும் போலிருக்கிறது' என்பது. மாணவர்கள் எவ்வளவு கவனமாகப் படிக்கிறார்கள் என்று அறியவே அதைச் சேர்த்திருந்தேன். 38 பேர் கொண்ட வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் அதை அடிக்கோடிட்டு, பக்கத்தில் 'உவமை அணி' என்றும் எழுதியிருந்தார்கள். 'வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது' என்ற தொடரை ஒருவர்கூடத் தொடவில்லை. தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, குழந்தைகள் எதைத் தேடுகிறார்கள் என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அவர்கள் 'போல' என்ற சொல்லைத் தேடினார்கள். அது கிடைத்தால் உவமை, கிடைக்காவிட்டால் இல்லை.

இதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. 'போலப் புரைய ஒப்ப உறழ' என்று தொடங்கி நன்னூல் சொல்லும் பன்னிரண்டு உவம உருபுகளையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். தேர்வில் உருபைக் கண்டுபிடித்தால் அணியின் பெயரைச் சொல்லிவிடலாம், பெயரைச் சொன்னால் மதிப்பெண் வரும் என்ற வழியில் பல ஆண்டுகளாக நடத்தி வந்திருக்கிறேன். அந்த வழியில் கவிதையின் காட்சி எங்கே தொலைந்தது, அதை மீட்க அந்த ஆண்டில் என்ன செய்தேன், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை உடன் பணிபுரியும் தமிழாசிரியர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

பள்ளி புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு கிராமத்து அரசுப் பள்ளி. சுற்றிலும் செம்மண் பூமி. மானாவாரிக் கடலை, முந்திரி, பலா, கண்ணுக்கெட்டும் வரை தைலமரக் காடு. மழைக்காலத்தில் குழந்தைகளின் வெள்ளைச் சட்டையின் ஓரம் செங்காவியாக இருக்கும். அதனால்தான் பாடப்பகுதிக்கு வெளியே ஒரு பாட்டை எடுக்கலாம் என்று முடிவு செய்தபோது, யோசிக்காமல் குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டை எடுத்தேன்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார், என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவு, நானும் நீயும் எப்படி அறிந்தோம் என்று மூன்று கேள்விகள். விடையாக ஒரே ஒரு காட்சி. முதல் பாடவேளையில் நான் செய்தது பழைய முறைதான். கரும்பலகையில் கட்டம் போட்டு, உவமை செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர், உவமேயம் அன்புடைய நெஞ்சங்கள், பொதுத்தன்மை கலத்தல், உருபு 'போல' என்று நிரப்பினோம். எல்லோரும் பிழையில்லாமல் எழுதினார்கள். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. சும்மா இருக்க வேண்டாமே என்று, "அந்தத் தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கும்?" என்று கேட்டேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "நீலம், டீச்சர்" என்றாள். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

செம்மண்ணில் பிறந்து, செம்மண்ணில் நடந்து பள்ளிக்கு வரும் குழந்தை, செம்புலப் பெயல்நீரின் நிறம் நீலம் என்கிறது. படம் வரையும்போது தண்ணீருக்கு நீலம் தீட்டிப் பழகிய கை அது. பாட்டைப் படித்தபோது அவள் மனத்தில் எந்த மண்ணும் நனையவில்லை. கட்டம் மட்டும் சரியாக நிரம்பியிருந்தது. அன்று மாலை வீடு திரும்பும் பேருந்தில் எனக்கு வேறு எந்த நினைவும் ஓடவில்லை.

மறுநாள் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வகுப்பை மைதானத்தின் மூலைக்கு அழைத்துச் சென்றேன். வெயில் காலம்தான், மழை இல்லை. இரண்டு குடம் தண்ணீரும் ஒரு பூவாளியும் கொண்டு போனோம். ஒருவர் ஊற்ற, மற்றவர்கள் பார்த்ததை ஒவ்வொருவரும் ஒரு வரியாகச் சொல்ல வேண்டும், 'அழகாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லக்கூடாது என்பதே நிபந்தனை. முதலில் வெறும் 'தண்ணி ஊத்துறாங்க, மண்ணு நனையுது' என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் பார்வை கூர்மையாயிற்று. முதல் துளிகள் நனைக்கவில்லை, புழுதியைப் பூசிக்கொண்டு உருண்டையாக ஓடின என்றான் ஒருவன். வாசனைதான் முதலில் வந்தது, ஈரம் பிறகுதான் தெரிந்தது என்றாள் இன்னொருத்தி. தண்ணீர் தேங்கிய இடத்தில் எது தண்ணீரின் ஓரம், எது மண்ணின் ஓரம் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை என்று ஒரு சிறுவன் சொன்னான். அவன் பொதுவாக வகுப்பில் பேசாதவன். அவன் சொன்னதைக் கேட்டதும் நான் நான்காம் அடியை மட்டும் மெல்லச் சொன்னேன். முந்தின நாள் ஒப்பித்த அதே அடியைத்தான் சொன்னேன். அன்று அவர்கள் குனிந்து தரையைப் பார்த்தார்கள்.

இங்கே ஓர் எதிர்பாராத விளைவு நேர்ந்தது. அந்தச் செந்நீரை ஒரு மாணவன் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வகுப்பறைச் சன்னலில் வைத்தான். மறுநாள் காலை நான் உள்ளே நுழையும்போதே, "டீச்சர், தண்ணி தெளிஞ்சு போச்சு" என்றான். உண்மைதான். அடியில் இரண்டு விரற்கடை அளவுக்கு மண் படிந்து, மேலே வெளிறிய தேநீர் நிறத்தில் நீர் நின்றது. பிரிக்க முடியாத கலப்பு என்று நான் முந்தின நாள் முழங்கியது எல்லோர் முன்னிலையிலும் பொய்யாகி நின்றது. ஒரு நொடி, பாட்டிலை அப்புறப்படுத்திவிட்டுப் பாடத்தைத் தொடரலாமா என்றுதான் தோன்றியது. நல்ல வேளையாக அப்படிச் செய்யவில்லை. "அப்படியென்றால் புலவர் தவறாகச் சொல்லிவிட்டாரா?" என்று வகுப்பிடமே கேட்டேன்.

அந்த விவாதம் ஒரு பாடவேளை முழுக்க நீடித்தது. என் பணிக்காலத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த இலக்கியப் பேச்சு அது என்று தயங்காமல் சொல்வேன். பாட்டிலில் இருப்பது செம்புலம் இல்லை என்று ஒரு மாணவி சொன்னாள். நிலத்திலிருந்து நீரைத் தனியே பிடித்து எடுத்துவிட்டோம், அதனால்தான் தெளிந்தது. நிலத்தில் விட்டிருந்தால் மண்ணுக்குள் போயிருக்கும், யாரும் எடுக்க முடியாது என்பது அவள் வாதம். மழை மண்ணின் நிறத்தை வாங்கிக்கொண்டது, மண் மழையின் ஈரத்தை வாங்கிக்கொண்டது, ஆகவே இரண்டுமே மாறிவிட்டன என்றான் அடுத்தவன். கட்டத்தில் 'பொதுத்தன்மை: கலத்தல்' என்று ஒரே சொல்லில் நாங்கள் எழுதியிருந்ததற்குள் இவ்வளவும் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. அப்போதுதான் பாட்டின் கீழ் உள்ள கூற்று விளக்கத்தை அவர்களுக்குச் சொன்னேன்: சேர்ந்த பின் இவர் பிரிந்துவிடுவாரோ என்று தலைவி அஞ்ச, அவள் முகக்குறிப்பைக் கண்டு தலைவன் சொல்லும் சொற்கள் இவை. பாட்டிலைக் கொண்டுவந்தவன் உடனே சொன்னான்: "அப்ப அவ பயந்தது இதுக்குத்தான் டீச்சர். தெளிஞ்சிடுமோன்னு."

இந்த வாசிப்பை எந்த உரையிலும் நான் படித்ததில்லை. இது சரியா என்று புலவர்கள் வழக்காடலாம். என்னைப் பொறுத்தவரை, ஒரு காட்சிக்குள் நுழைந்து அதன் இடுக்குகளில் ஒளிந்திருக்கும் அச்சத்தையும் தொட்டுப் பார்த்த வாசகன் அவன். கட்டம் அவனை அங்கே கொண்டுபோயிருக்காது.

அடுத்த வாரம் ஒரு செய்தியைக் கதைபோலச் சொன்னேன். 401 பாடல்கள் கொண்ட குறுந்தொகையில் சில புலவர்களின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? பாட்டில் அவர்கள் படைத்த காட்சியையே அவர்களுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவர், மீனெறி தூண்டிலார், கல்பொரு சிறுநுரையார். பெயரும் ஊரும் போய்விட்டன, கண்ட காட்சி மட்டும் ஈராயிரம் ஆண்டுகளாக நிற்கிறது என்றபோது பின்வரிசையும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஓரேருழவரின் 131ஆம் பாட்டை அவர்களே விளக்கினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். தலைவியின் ஊர் நெடுந்தொலைவில் இருக்கிறது. தலைவனின் நெஞ்சோ, ஈரம் பட்ட பசும்புனத்தில் ஒரே ஓர் ஏர் வைத்திருக்கும் உழவனைப் போலப் பதைக்கிறது. ஏர் பூட்டி உழுததை என் மாணவர்களில் பலர் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு மாணவி எழுந்து, கடலை விதைப்பு நேரத்தில் ஒரு மழை பெய்துவிட்டால் ஊரில் எல்லோருக்கும் அன்றே டிராக்டர் வேண்டும், வாடகை டிராக்டர் ஒன்றுதான், தன் அப்பா அன்று சோறு உண்ணாமல் டிராக்டர்காரர் வீட்டு வாசலில் நிற்பார் என்று சொன்னாள். "ஈரம் காயறதுக்குள்ள உழுதாகணும்ல டீச்சர்." நெஞ்சின் அந்தப் பதைப்பைப் பாட்டு 'பெருவிதுப்பு' என்கிறது. அந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல பொருளை நான் சொல்லியிருக்க முடியாது. அந்த அவசரம் நாளையாகிவிட்டால் பயனில்லாமல் போகும் அவசரம் என்பதை அவள் தன் அப்பாவின் முகத்திலிருந்து படித்திருக்கிறாள்.

41ஆம் பாட்டில்தான் கொஞ்சம் சிக்கினோம். காதலர் அருகில் இருக்கும்போது திருவிழா நடக்கும் ஊரைப் போல மகிழ்வேன், அவர் பிரிந்தபோது மக்கள் விட்டுப்போன, அணில் விளையாடும் முற்றத்தை உடைய வீட்டைப் போலப் பொலிவிழந்து வருந்துவேன் என்கிறாள் தலைவி. அணில் விளையாடினால் சந்தோஷம்தானே, இதில் வருத்தம் எங்கே என்று ஒருவன் கேட்டான். நான் பதில் சொல்லாமல் காத்திருந்தேன். வகுப்பில் காத்திருப்பது எனக்கு எப்போதும் கடினமான வேலை. கடைசியில், பக்கத்து வீட்டுக் குடும்பம் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்ட ஒரு சிறுவன், ஆள் இருந்தால் அணில் திண்ணை வரைக்கும் வராது என்று சொன்னான். அவ்வளவுதான். மனிதர் இல்லை என்பதை அணிலின் துணிச்சல் சொல்லிவிடுகிறது என்று வகுப்பு கண்டுகொண்டது.

இந்த இடத்தில்தான் இலக்கணத்துக்குத் திரும்பினேன். தொல்காப்பிய உவமவியல் உவமை தோன்றும் இடங்களை 'வினைபயன் மெய்உரு என்ற நான்கே' என்று வகுக்கிறது: செயல், விளைவு, வடிவம், நிறம். இந்த நான்கையும் சொல்லிவிட்டு, மாணவர்கள் சென்ற மாதம் எழுதியிருந்த 'உவமைத் தொடர்கள்' பயிற்சியைத் திருப்பிக் கொடுத்தேன். நிலா போன்ற முகம், முத்துப் போன்ற பல், மலர் போன்ற கை. அனைத்தும் வடிவமும் நிறமுமாக இருந்தன. நாங்கள் படித்த பாடல்களிலோ நீர் கலக்கிறது, உழவன் பதைக்கிறான், அணில் ஆடுகிறது. எதுவும் சும்மா நிற்கவில்லை. ஒரு காட்சியைப் படைக்க 'இது எதைப் போல இருக்கிறது' என்று கேட்பதைக் காட்டிலும் 'இங்கே என்ன நடக்கிறது' என்று கேட்பது பலன் தரும் என்பது இந்த முயற்சி முழுவதிலும் எனக்குக் கிடைத்த மிக உறுதியான பாடம். பெயர்களைப் பிற்பாடு சொன்னதால் இலக்கணம் குறைந்துவிடவும் இல்லை. பார்த்த பிறகு சொன்னதால் உவமை, உருவகம், படிமம் என்ற வேறுபாடுகளை ஒரே பாடவேளையில் முடிக்க முடிந்தது.

பிறகு எழுதத் தொடங்கினோம். ஒரு வாரம், நாளுக்கு மூன்று வரி, கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, கையால் தொட்டது மட்டும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். நிலா, மலர், முத்து, தேன் நான்குக்கும் அந்த வாரம் விடுமுறை. துக்கம், மகிழ்ச்சி, வேதனை என்று உணர்ச்சியின் பெயரைச் சொல்லக்கூடாது. முதல் மூன்று நாள் குறிப்பேடுகளில் சுவையானது எதுவும் இல்லை. பல் துலக்கியதும் பேருந்து வந்ததும்தான் இருந்தன. நான்காம் நாளுக்குப் பிறகு சிலரிடம் வரிகள் உயிர் பெற்றன. உரியவர்களின் இசைவோடு மூன்றை இங்கே தருகிறேன்.

கஜாவில் சாய்ந்த பலாமரத்தை
அறுத்து விற்றாகிவிட்டது.
வேர் கிடந்த குழியில்
மழைக்கு மழை தண்ணீர் நிற்கிறது.
தாத்தா அதைச் சுற்றிக்கொண்டுதான்
கொல்லைக்குப் போகிறார்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது இந்தப் பிள்ளைகள் நான்காம் வகுப்பில் இருந்தார்கள். பலாவும் தென்னையும் விழுந்த அந்த நாள் எங்கள் பகுதியில் இன்னும் பேச்சில் வரும். இந்தச் சிறுவனின் முதல் பிரதியில் ஏழாவதாக ஒரு வரி இருந்தது: 'அவர் மனம் மிகவும் வேதனைப்படுகிறது.' வாசித்துக் காட்டியபோது வகுப்பே 'அது வேண்டாம்' என்றது. அவனுக்கு மனமில்லை. அந்த வரி இல்லாவிட்டால் தாத்தா வருந்துவது யாருக்கும் தெரியாதே என்று வாதாடினான். "அதான் சுத்திக்கிட்டுப் போறாருல்ல" என்று ஒரு தோழி சொன்ன பிறகே அடித்தான்.

அப்பா போன மறுநாள்
அம்மா ஐந்து டம்ளர் டீ ஆற்றினாள்.
வீட்டில் நாலு பேர்.
ஐந்தாவது டம்ளரில்
ஆடை படிந்தது.

இதை எழுதியவளின் தந்தை வெளிநாட்டு வேலைக்குப் போயிருக்கிறார். இதில் உவமையும் இல்லை, உருவகமும் இல்லை, பன்னிரண்டு உருபுகளில் ஒன்றும் இல்லை. ஆறிக்கொண்டிருக்கும் ஒரு டம்ளர் மட்டும் இருக்கிறது. படிமம் என்பதற்கு இனி வகுப்பில் நான் வேறு விளக்கம் தேடப்போவதில்லை. மூன்றாவது, மிகச் சிறியது:

கணக்கு சார் என் பெயரைச் சொன்னதும்
தொட்ட மரவட்டையாகச் சுருண்டேன்.

கடைசி நாள், எழுதியவர் பெயர் சொல்லாமல் வரிகளை வாசித்து, வகுப்பே அவர்களுக்குப் புலவர் பெயர் சூட்டியது. வேர்க்குழி நீரார், ஐந்தாம் டம்ளரார், தொட்ட மரவட்டையார். இந்தப் பெயர்கள் ஆண்டு முழுக்க வழக்கில் இருந்தன. வருகைப் பதிவின்போது யாராவது வராவிட்டால், 'மரவட்டையார் விடுப்பு, டீச்சர்' என்று குரல் வரும்.

எல்லாம் நன்றாகவே நடந்ததென்று எழுதினால் அது உண்மையாகாது. ஒரு குழந்தை வீட்டில் இரவு நேரத்தில் நடப்பதை எழுதிக் கொடுத்தது. கூர்மையான, மறக்க முடியாத வரிகள். அவற்றை வகுப்பில் வாசிக்கவில்லை, பெயர் சூட்டலில் சேர்க்கவில்லை, இங்கும் எழுதவில்லை. தனியே அழைத்துப் பேசினேன். செய்ய வேண்டிய உதவியைத் தலைமையாசிரியருடன் கலந்து செய்தோம். உணர்ச்சியின் பெயரைச் சொல்லாதே, நடந்ததைச் சொல் என்று கேட்கும்போது, ஒரு குழந்தை உண்மையிலேயே நடந்ததைச் சொல்லிவிடும் என்பதற்கு நான் ஆயத்தமாக இருந்திருக்கவில்லை. அதற்குப் பின், வாசிக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் தாளின் மூலையை மடித்துக் கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தேன். இந்தப் பயிற்சியைச் செய்ய எண்ணும் ஆசிரியர்கள் அந்த ஏற்பாட்டை முதல் நாளே செய்துவிட வேண்டும்.

வகுப்பில் முதல் மதிப்பெண் எடுக்கும் மாணவிக்குக் கடைசி வரை இதில் ஈடுபாடு வரவில்லை. இதெல்லாம் தேர்வில் வருமா என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. வினாத்தாள் அணியின் பெயரைத்தான் கேட்கும். அணிலின் துணிச்சலைப் பற்றிக் கேட்காது. அவளுக்காகவும் மற்றவர்களுக்காகவும் இரண்டு பாடவேளைகள் ஒதுக்கிப் பழைய கட்டங்களையும் நிரப்பினோம். வேறு சிலர் காட்சியை அடுக்குவதுதான் கவிதை என்று எண்ணி, எட்டு வரியில் பத்துக் காட்சிகளை நெருக்கியடித்தார்கள். ஒன்றை எடுத்து அதிலேயே நிற்கப் பழக்குவதற்கு எனக்கு நேரம் போதவில்லை.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் அதே ஐந்து தொடர்களை மீண்டும் கொடுத்தேன். 'மழை வரும் போலிருக்கிறது' என்பதை இப்போதும் சிலர் அடிக்கோடிட்டார்கள். ஆனால் பாட்டில் கொண்டுவந்தவன் விடையோடு காரணமும் எழுதியிருந்தான்: 'இதில் மழை மட்டும்தான் இருக்கிறது. இன்னொன்று இல்லை.' வெயில் முதுகில் ஏறிய தொடரை வகுப்பில் பெரும்பாலோர் கண்டுகொண்டார்கள்.

ஒரு பாட்டு மட்டும் மிச்சமிருக்கிறது. குறுந்தொகை 290இல் கல்பொரு சிறுநுரையார், காதலரைக் காணாவிட்டால் பெருநீரில் கல்லில் மோதும் சிறுநுரை போல 'மெல்ல மெல்ல இல்லா குதுமே' என்கிறார். எங்கள் ஊரில் ஆறு இல்லை. பம்புசெட் தொட்டியில் நுரையைப் பார்த்துவிட்டு வந்த மாணவர்கள், அது பட்டென்று உடைந்துவிடுகிறது, மெல்ல மெல்லப் போகவில்லை என்று ஏமாற்றத்தோடு சொன்னார்கள். கண்மாய் நிறைந்து, மிகுநீர் வழியும் கலுங்கு பாய்ந்தால் அங்கே கல்லில் நுரை நிற்கும் என்று ஒருவனின் தாத்தா சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு கண்மாய் நிறையவில்லை. அவர்கள் இப்போது மேல் வகுப்பில் இருக்கிறார்கள். நான் வகுப்பெடுக்காவிட்டாலும், நல்ல மழை பெய்த மறுநாள் காலை யாராவது ஒருவர் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று, "டீச்சர், கலுங்கு இன்னும் பாயலை" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.